பினாங்கு வெளிச்சத்தில் காரைப் படமெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

காரின் மேற்பூச்சு ஒரு கண்ணாடி. துலக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் குடத்தில் அடுப்பங்கரை முழுவதும் வளைந்து தெரிவதைப் போல, கார்க் கதவிலும் பொனட்டிலும் சுற்றுப்புறம் முழுவதும் தெரிகிறது. மின்கம்பம், எதிர்க்கடைப் பலகை, பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள், படம் எடுப்பவரின் சிவப்புச் சட்டை என எல்லாமே அங்கே இருக்கும். நேரில் பார்க்கும்போது நம் மனம் அவற்றைத் தள்ளிவிட்டுக் காரை மட்டும் பார்க்கிறது. கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால்தான் வீட்டு வாசலில் அழகாக நிற்கும் கார், படத்தில் அழுக்குப் படிந்தது போலத் தெரிகிறது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்தது: காரின் உடம்பில் இப்போது என்ன தெரிகிறது? இதற்கு விடை சொல்லப் பழகியவர் கைப்பேசியிலேயே நல்ல படம் எடுத்துவிடலாம். புதுக் கார் எடுத்த குடும்பத்துக்கும், பழைய மைவி காரை விற்க நினைப்பவருக்கும், அப்பாவின் புரோட்டோன் சாகாவைப் பாதுகாத்து வைத்திருப்பவருக்கும் இதே கேள்விதான்.

நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதி முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. அதன் விளைவைப் படமெடுப்பவர்கள் நன்றாக உணர்வார்கள். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அன்று. மாதத்தைப் பொறுத்து 1 மணியிலிருந்து 1.35 வரை ஆகிறது. உதயமும் அஸ்தமனமும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.40க்கும் இடையில்தான். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு மாலை 5 மணிக்குப் பொன்னிற வெளிச்சத்தைத் தேடிப் போனால், தலைக்கு மேல் இன்னும் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்.

இங்கே நல்ல வெளிச்சம் காலையில் 8.15 வரைக்கும், மாலையில் 6.30க்குப் பிறகும். நடுப்பகலில் கூரையும் பொனட்டும் வெளுத்துப்போகும், கதவுகள் கறுத்துப்போகும், சக்கரங்கள் இருட்டுக்குழிகளாகிவிடும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பாதியிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலேயே வந்துவிடுவதால் அந்த நாள்களில் நிலைமை இன்னும் மோசம். நடுப்பகலைத் தவிர வேறு வழியே இல்லை என்றால், பெரிய கட்டடத்தின் நிழலுக்குள் முழுக் காரையும் கொண்டுபோய்விடுங்கள். பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் நிற்கும் காரைத் திருத்தி எடுக்க எந்தச் செயலியாலும் முடியாது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். நில நடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. அஸ்தமனத்துக்குப் பிறகு வானம் நீலமாக ஒளிரும் நேரம் ஏறத்தாழ 20 நிமிடம்தான். அந்த இருபது நிமிடத்துக்கு வேண்டிய இடம், காரின் திசை, முக்காலி எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

தீவின் எந்தப் பக்கம்?

ஜார்ஜ் டவுன் தீவின் கிழக்கில் இருக்கிறது, மேற்கே மலைத்தொடர். 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலை மாலைச் சூரியனை முன்னதாகவே மறைத்துவிடுகிறது. எனவே நகரத்தில் எடுக்க வேண்டியதைக் காலையில் எடுங்கள்; மாலை வெளிச்சத்துக்கு மேற்குப் பக்கம் போங்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதி அலைச்சல் குறையும்.

காலையில் நான் முதலில் பரிந்துரைப்பது பாடாங் கோத்தா லாமா திடல் பகுதி. 1903இல் கட்டி முடிக்கப்பட்ட மாநகர மன்றக் கட்டடம் திடலைப் பார்த்துக் கிழக்கு நோக்கி நிற்கிறது. இளவெயில் அந்த வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும்போது, அதைப் பார்த்து நிற்கும் காரின் பக்கவாட்டு முழுவதும் மெல்லிய வெண்ணிற ஒளி படர்கிறது. கறுப்பு அல்லது அடர்நீலக் காருக்கு இது பெரிய கொடை. லெபோ பந்தாயின் பழைய வங்கிக் கட்டடங்களும் அழகான பின்னணிதான். ஆனால் தெரு குறுகியது; தூண்களும் சன்னல்களும் வரிசையாகக் கதவில் கோடு போடும். அந்தக் கோடுகளை விரும்பி எடுக்கலாம், தெரியாமல் எடுக்கக்கூடாது. ஞாயிறு அதிகாலையில் போனால் நிறுத்த இடமும் கிடைக்கும், பின்னால் வேறு வண்டிகளும் இருக்காது. சுவரோவியத் தெருக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்: கூட்டம் அதிகம், ஓவியமும் காரும் ஒன்றோடொன்று போட்டி போடும்.

கடலோரம் வேண்டுமானால் கர்ப்பால் சிங் சாலை. பழைய சாகா வைத்திருப்பவர்கள் பினாங்குப் பாலம் தெரியும்படி ஒரு படமாவது எடுக்க வேண்டும் என்பேன், 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலமும் முதல் சாகாவும் 1985ஆம் ஆண்டுப் பிள்ளைகள். பாலத்தின் மேல் மட்டும் காரை நிறுத்த நினைக்காதீர்கள். அது ஆபத்து, குற்றமும்கூட.

மாலைக்கு, தீவின் மேற்குப் பக்கத்திலுள்ள பாலிக் பூலாவ். நெல்வயல்களின் நடுவே போகும் சாலைகளில் உயரமான பொருள் எதுவும் அருகில் இருக்காது. அதனால் காரின் உடம்பில் வானமும் ஒரு மெல்லிய பச்சைக் கோடும் மட்டுமே தெரியும். அந்தச் சாலைகள் விவசாயிகளின் அன்றாட வழி. மோட்டார் சைக்கிள் போக இடம் விட்டு நிறுத்துங்கள்.

காரைத் தயார் செய்தல்

கழுவிய காரை உடனே துடைத்து உலர்த்துங்கள். வெயிலில் தானே காயவிட்டால் வட்ட வட்டமாக நீர்க்கறை தங்கிவிடும். தாழ்ந்த வெயிலில் ஒவ்வொரு வட்டமும் தனித்துத் தெரியும். எடுக்கும் இடத்துக்கு ஓட்டிப் போவதற்குள் முன்பக்கத்தில் பூச்சிகளும் சக்கரத்தில் தூசியும் படியும். ஒரு மைக்ரோஃபைபர் துணியும் தண்ணீர்ப் புட்டியும் பூட்டில் (காரின் பின்பெட்டியில்) இருக்கட்டும்.

பழைய சாலை வரி வில்லையைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடலாம். 2023 பிப்ரவரி முதல் தனியார் கார்களுக்கு அதை ஒட்ட வேண்டிய கட்டாயமில்லை. டோல் கருவி, காகிதக் கைக்குட்டைப் பெட்டி, பின்கண்ணாடியோரப் பொம்மைகள் ஆகியவற்றையும் அகற்றுங்கள். டாஷ்போர்டுப் பிள்ளையார் இருக்கட்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. விற்பனைக்கான படம் என்றால் எடுத்து வையுங்கள். குடும்பத்துக்கான படம் என்றால் அவர் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

நம் ஊர் ஈரக்காற்றில் வேறு யாரும் சொல்லாத தொல்லை ஒன்று உண்டு. குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டே வந்து காரை நிறுத்தினால், கார் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சாலையில் கறுப்பாக ஒரு திட்டு உருவாகும். இரவில் முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் கீழிருந்து பனி படியும். எடுக்கும் இடத்தை அடைவதற்குப் பத்து நிமிடம் முன்பே குளிர்சாதனத்தை அணைத்துச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். வந்த பிறகு காரை இரண்டு மீட்டர் நகர்த்தி நிறுத்துங்கள். கேமராவையும் குளிர்ந்த இருக்கையில் வைக்காமல் பூட்டில் வைத்துக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த லென்ஸ் வெளியே வந்ததும் பனி மூடிக்கொள்ளும். துடைக்கத் துடைக்க மீண்டும் மூடும். உங்கள் இருபது நிமிடமும் அதிலேயே போய்விடும்.

பிரதிபலிப்பைப் படித்தல்

காரை நிறுத்தியதும் கேமராவை எடுக்க வேண்டாம். முகப்பு விளக்கின் உயரத்துக்குக் குனிந்து காரை ஒரு சுற்று மெதுவாக நடந்து வாருங்கள். பின்னணியைப் பார்க்காதீர்கள், கதவை மட்டும் பாருங்கள்.

கார்க் கதவு தட்டையான பலகை அன்று. கைப்பிடிக்கு அருகே ஓடும் மடிப்புக்கு மேலுள்ள பகுதி வானத்தை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கிறது. கீழ்ப்பகுதி தரையை நோக்கி உள்வாங்குகிறது. எனவே மேலே வானம், கீழே தார்ச்சாலை, நடுவே தொடுவானக் கோடு. அந்தக் கோடு முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை அறுபடாமல் ஓடினால் காரின் வடிவம் தானாகத் துலங்கும். நடுவில் ஒரு மரமோ லாரியோ புகுந்தால் கோடு உடையும், கதவு நெளிந்தது போலத் தெரியும். விற்பனைக்கான படத்தில் இல்லாத மோதல் ஒன்று இருப்பதாக வாங்குபவர் சந்தேகப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

எது எங்கே தெரியும் என்பதற்குக் கணக்கு எளிது. வெளிச்சம் எந்தக் கோணத்தில் வந்து கதவில் படுகிறதோ அதே கோணத்தில் மறுபக்கம் விலகுகிறது. நீங்கள் பக்கவாட்டில் நேராக நின்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது கதவில் தெரியும். முன்மூலையில் நின்றால், அதே பக்கத்தில் காரின் பின்புறத்தை ஒட்டிய வெளி தெரியும். ஆகவே நல்ல பின்னணியைத் தேடும் அதே அக்கறையோடு, உங்களுக்குப் பின்னாலும் பக்கத்திலும் என்ன இருக்கிறது என்றும் தேடுங்கள். அங்கே திறந்த வெளியோ, ஒரே நிறச் சுவரோ, கடலோ இருந்தால் போதும்.

ஒரு மின்கம்பம் ஓட்டுநர் கதவின் நடுவில் வளைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்து பாருங்கள். கம்பம் கதவிலிருந்து நழுவிச் சக்கர வளைவின் விளிம்பில் போய் மறைந்துகொள்ளும். மறையவில்லை என்றால் காரை அரை மீட்டர் நகர்த்துங்கள். காரைத் திருப்பி நிறுத்தத் தயங்காதவர்தான் நல்ல படம் எடுக்கிறார். உடன் வந்தவர்களை உங்களுக்குப் பின்னால் வரிசையாக நிற்கவிடாமல் காருக்கு அந்தப் பக்கம் அனுப்புங்கள். நீங்களும் கறுப்பு அல்லது சாம்பல் நிறச் சட்டை அணியுங்கள்.

நிறத்துக்கு நிறம் நடத்தை மாறும். கறுப்புக் கார் எல்லாவற்றையும் காட்டும்; அதற்கு மேகமூட்டமும் திறந்த வெளியும் வேண்டும். வெள்ளைக் காரில் பிரதிபலிப்பு மங்கல், அதற்குத் தேவை மடிப்புகளில் விழும் நிழல். பக்கவாட்டு வெயிலில்தான் அதன் மடிப்புகள் தெரியும். புகைமூட்ட நாள்களில் சிவப்பும் மஞ்சளும் நன்றாகவே வரும்.

நிற்கும் இடம், உயரம், லென்ஸ்

எழுந்து நின்று எடுத்தால் கார் குட்டையாகவும் கூரை பெரிதாகவும் தெரியும். இடுப்பு உயரத்துக்கு இறங்குங்கள். விளையாட்டுக் கார் என்றால் இன்னும் கீழே. முன்மூலையிலிருந்து, முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும்படி எடுப்பதே எந்தக் காருக்கும் முதல் படம்.

முன்சக்கரத்தை உங்களுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பச் சொல்லுங்கள். ரிம்மின் முகம் உங்களைப் பார்க்க வேண்டும், டயரின் பட்டை தெரியக்கூடாது. சக்கர நடுவிலுள்ள சின்னம் நிமிர்ந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். தலைகீழாக இருந்தால் காரைச் சிறிது உருட்டினால் போதும். சிறிய விஷயம்தான், ஆனால் அக்கறையோடு எடுத்த படத்தை அதுவே காட்டிக்கொடுக்கும்.

அகலக் கோண லென்ஸ் அருகிலிருப்பதை ஊதிப் பெரிதாக்கும். அதனால் பம்பர் வீங்கி, பின்பகுதி சுருங்கிவிடும். லென்ஸின் குவியத் தூரத்தை 70 முதல் 100 மி.மீ. வரை வைத்துக்கொண்டு பின்வாங்கி எடுங்கள். கைப்பேசியில் 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸைத் தேர்ந்து, ஏழெட்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். பின்னணியைச் செயற்கையாக மங்கலாக்கும் உருவப்பட முறையைக் காருக்குப் பயன்படுத்த வேண்டாம். பக்கக் கண்ணாடியின் விளிம்பையும் ஏரியலையும் அது கடித்துவிடும்.

அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லென்ஸின் துளையளவு எஃப் 8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100. வெளிச்சம் குறைந்தால் முக்காலி. வெள்ளைக் காரைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும், ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, ஒரு படி வரை கூட்டுங்கள். கறுப்புக் காருக்கு அதே அளவு குறையுங்கள். கைப்பேசித் திரையில் காரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும்.

போலரைசர் பில்டர்

ஒரே ஒரு பொருளுக்குப் பணம் செலவழிப்பதானால் இதற்குச் செலவழியுங்கள். கண்ணாடியிலும் மேற்பூச்சிலும் படும் பளபளப்பை இது குறைக்கும். குரோம் போன்ற வெற்று உலோகத்தில் பலிக்காது. லென்ஸில் மாட்டி, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் கண்ணாடி மீதிருந்த வானம் கரைந்து, உள்ளே ஸ்டீயரிங் தெரியும்.

முன்கண்ணாடி தெளியும் இடத்தில் பக்கக் கதவு தெளியாது, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு திசையில் சாய்ந்தவை. முக்காலியில் வைத்து, ஒன்று முன்கண்ணாடிக்கு, ஒன்று கதவுக்கு என இரண்டு படம் எடுத்துப் பின்னர் இணைக்கலாம். பின்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகவோ வானவில் நிறமாகவோ ஏதாவது தெரிந்தால் அஞ்ச வேண்டாம். கடினமாக்கப்பட்ட கண்ணாடிக்குள் இருக்கும் அழுத்தம் போலரைசர் வழியே அப்படித் தெரிகிறது. பில்டரைச் சிறிது திருப்பினால் குறையும். எல்லாப் பளபளப்பையும் துடைத்தெடுத்துவிடவும் கூடாது. மடிப்பின் மேல் ஓடும் அந்த வெள்ளைக் கோடு போய்விட்டால் கார் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும்.

அஸ்தமனத்துக்குப் பிந்திய இருபது நிமிடம்

முக்காலியில் கேமரா, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் சில நொடிகள் திறந்திருக்கட்டும். முகப்பு விளக்கு முழு நேரமும் எரிந்தால் வெளுத்துப்போய் வடிவமே தெரியாது. பத்து நொடி எக்ஸ்போஷர் என்றால், ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரிடம் சொல்லி ஒரு நொடி மட்டும் விளக்கைப் போட்டு அணையுங்கள். விளக்கின் உள்ளமைப்பு தெளிவாகத் தெரியும், வானமும் நீலமாக நிற்கும்.

முழு இருட்டான பிறகு, ஒரு நீண்ட எல்இடி குழாயைக் கொண்டு காருக்கு ஒளி பூசலாம். எக்ஸ்போஷர் 30 நொடி. கறுப்பு உடை அணிந்த ஒருவர் குழாயைக் கூரைக்கு மேல் ஒரே உயரத்தில் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் நிற்காமல் நடக்க வேண்டும். நடை தடுமாறினால் கதவின் மேல் ஒளிக்கோடும் தடுமாறும்.

பகலில் எடுக்கும்போது ஒரு விளக்கு எரிந்தும் மற்றது அணைந்தும் பதிவானால் விளக்கில் பழுதில்லை. பல எல்இடி விளக்குகள் வேகமாக அணைந்து எரிகின்றன; ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் சரியாகும்.

ஓடும் கார்

சாலையோரப் பாதுகாப்பான இடத்தில், கார் செல்லும் பாதைக்குச் செங்குத்தாக நில்லுங்கள். பாதங்களைப் படம் எடுக்கப்போகும் திசையில் ஊன்றி, இடுப்பை மட்டும் கார் வரும் பக்கம் திருப்புங்கள். கார் நெருங்க நெருங்க அதோடு சேர்ந்து திரும்பி, நேரெதிரில் வரும்போது எடுங்கள். எடுத்த பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கு 1/100 நொடியில் தொடங்கி, கை பழகியதும் 1/60, பிறகு 1/30.

இன்னொரு காரிலிருந்து எடுப்பதானால் சன்னலுக்கு வெளியே உடம்பை நீட்ட வேண்டாம், திறந்த பூட்டில் உட்காரவும் வேண்டாம். பின்னிருக்கை வார் 2009 முதல் இங்கே கட்டாயம். வாரைப் பூட்டிக்கொண்டு, சன்னலை இறக்கி, உள்ளிருந்தபடியே எடுங்கள். அது முடியாத சாலை என்றால் அந்தப் படம் வேண்டாம்.

உட்புறமும் விற்பனைப் படங்களும்

கதவுகளைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுங்கள். கறுப்பு டின்ட் தாள் ஒட்டிய கண்ணாடி நிறத்தைக் கெடுக்கும். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும், இருக்கை வார்கள் ஒழுங்காகத் தொங்கட்டும். விற்பதானால் ஓட்டமானி, எஞ்சின் பகுதி, டயரின் பட்டை, டயர் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நான்கிலக்க எண் ஆகியவற்றை அருகிலிருந்து எடுங்கள். கீறலையும் எடுங்கள். மறைத்து வைத்த கீறல் நேரில் வருபவரின் நம்பிக்கையைக் குலைக்கும், விலையும் அங்கேயே இறங்கும்.

புதுக் கார் பூசை

நம் குடும்பங்களில் அதிகம் எடுக்கப்படும் கார்ப் படம் இதுதான். பெரும்பாலும் அவசரமாக எடுக்கப்படுவதும் இதுதான். ஐயரிடம் முன்கூட்டியே வரிசையைக் கேட்டு வையுங்கள். பொனட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்கும் கையை 85 மி.மீ. லென்ஸில் தள்ளி நின்று எடுங்கள். புதுப் பூச்சில் அந்தக் கையின் நிழலுருவும் விழும், அதையும் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். கற்பூரம் காட்டும்போது ஃபிளாஷ் வேண்டாம், சுடரின் நிறமே போய்விடும்.

எலுமிச்சம்பழம் நசுங்கும் கணம் ஒரு முறைதான் வரும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, முன்டயருக்குப் பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் தள்ளி இருங்கள். காருக்கு முன்னால் குனியவே கூடாது, பதற்றத்தில் இருக்கும் புது உரிமையாளர் சற்றே கூடுதலாக மிதித்துவிடக்கூடும். ஷட்டர் 1/500 நொடி, தொடர் படமுறை. தோல் வெடித்துச் சாறு பீய்ச்சும் அந்தத் துளிகளுக்குப் பின்னாலிருந்து வெயில் பட்டால் ஒவ்வொன்றும் மின்னும். ஆகவே சூரியன் டயருக்கு அந்தப் பக்கம் இருக்குமாறு உங்கள் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

குயின் தெரு மகா மாரியம்மன் கோயில் போலக் குறுகிய தெருவில் கோபுரமும் காரும் சேர்ந்து வேண்டும் என்றால் எதிர்ப்புற ஐந்தடி நடைபாதை வரை பின்வாங்கி, கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து எடுங்கள். அருகில் நின்று கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரம் பின்னால் சாய்ந்துவிடும்.

திருத்தம்

ரா கோப்பில் (கேமரா திருத்தாமல் பதியும் மூலக் கோப்பில்) எடுத்திருந்தால் முதலில் சாய்வைச் சரிசெய்யுங்கள். கார் சாலையில் சமமாக நிற்க வேண்டும். அடுத்து நிழல்பகுதியைச் சிறிது தூக்கி, வெளுத்த கூரையைச் சிறிது இறக்குங்கள். காரின் நிறத்தை மாற்றிவிடாதீர்கள். கதவில் ஒட்டியிருக்கும் தூசியையும், ரிம்மில் தெரியும் உங்கள் உருவத்தையும் ஒவ்வொன்றாக நீக்குங்கள். பொதுவெளியில் பகிர்வதானால் நம்பர் பிளேட்டை மறையுங்கள். மங்கலாக்கினால் படத்தில் ஓட்டை விழுந்தது போலிருக்கும். நம் ஊர்ப் பிளேட் பெரும்பாலும் கறுப்பு என்பதால், வெள்ளை எழுத்துகளை மட்டும் அதே கறுப்பால் நிரப்பினால் கண்ணை உறுத்தாது. பதிவேற்றும் முன் கோப்பில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள், குறிப்பாக வீட்டு வாசலில் எடுத்த படமாக இருந்தால்.